நுனிக்கு என்ன விலை?

100 கிராம் பாலி கிளிசரால் செபகேட் செய்ய 35.65 கிராம் கிளிசராலும் 78.30 கிராம் செபாசிக் அமிலமும் வேண்டும். இரண்டையும் கூட்டினால் 113.95 வருகிறது. மிச்சமான 13.95 கிராம், வினை நடக்க நடக்கத் தண்ணீராகப் பிரிந்து ஆவியாகிவிடும். கிளிசராலின் மோல் எடை 92.09, செபாசிக் அமிலத்தின் மோல் எடை 202.25, ஒவ்வொரு எஸ்டர் பிணைப்புக்கும் ஒரு நீர் மூலக்கூறு இழப்பு. இந்த மூன்றும் தெரிந்தால் பள்ளி மாணவரும் போடக்கூடிய கணக்கு இது.

ஆனால் இதில் கிடைக்கும் பொருள் லேசானதல்ல. ரப்பர் போல இழுபடும், விட்டால் பழைய அளவுக்குத் திரும்பும், உடலுக்குள் வைத்தால் சிதைந்து மறைந்துவிடும். 2002-இல் யாதோங் வாங், ராபர்ட் லாங்கர் உள்ளிட்டோர் 'நேச்சர் பயோடெக்னாலஜி' இதழில் இதை அறிவித்தார்கள். விறைப்பைக் காட்டும் இழுவிசைக் கெழு 0.282 மெகாபாஸ்கல். அறுவதற்கு முன் 267 சதவீதத்துக்குக் குறையாமல் நீளும். எலியின் தோலுக்கடியில் வைத்தது 60 நாளில் முழுதும் மறைந்தது. சுருக்கமாக இதைப் பி.ஜி.எஸ். என்று சொல்வோம்.

இதன் கணக்கை முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை எழுதிப் பார்க்க வேண்டும் என்று தோன்றியதற்குக் காரணம், முதல் வரி நம் வயலில் தொடங்குவதுதான். செபாசிக் அமிலம் வருவது விளக்கெண்ணெயிலிருந்து. ஆமணக்கு விதையின் எண்ணெயில் கிட்டத்தட்ட 90 சதவீதம் ரிசினோலியிக் அமிலம். அதைக் காரத்தோடு 250 டிகிரிக்கு மேல் சூடாக்கினால் 18 கார்பன் கொண்ட சங்கிலி இரண்டாக உடைகிறது. 10 கார்பன் உள்ள துண்டு செபாசிக் அமிலம், 8 கார்பன் உள்ள துண்டு 2-ஆக்டனால். எண்ணெயை முதலில் நீராற்பகுக்கும்போது கிளிசராலும் வெளியே வரும். ஒரு எண்ணெய் மூலக்கூறு மூன்று செபாசிக் அமிலமும் ஒரு கிளிசராலும் தரும். பி.ஜி.எஸ்.ஸுக்கு இரண்டும் சம அளவில் வேண்டும். அதாவது செபாசிக் அமிலம் முழுவதையும், கிளிசராலில் மூன்றில் ஒரு பங்கையும் ஒரே விதை கொடுத்துவிடுகிறது.

78.30 கிராம் செபாசிக் அமிலத்துக்குக் கோட்பாட்டின்படி 120.5 கிராம் தூய எண்ணெய் போதும். எண்ணெயின் தூய்மை 90 சதவீதம், ஆலையில் கைக்கு வருவது 75 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் 178 கிராம். விதையில் 45 சதவீதம் எண்ணெய் பிழிந்தெடுக்க முடிந்தால் ஏறக்குறைய 400 கிராம் விதை. ஒரு விதை 0.3 கிராம் என்றால் 1,300 விதைகள். குவிண்டால் 6,000 ரூபாய் விலையில் அந்த 400 கிராமுக்கு விவசாயி கையில் சேர்வது 24 ரூபாய். சேலத்துப் பக்கம் மரவள்ளிக்கும் மஞ்சளுக்கும் வரப்பில் நிற்கும் கொட்டமுத்து என்னும் ஆமணக்குச் செடியின் கணக்கு இது. அந்த மாவட்டத்து ஏத்தாப்பூரில் வேளாண் பல்கலைக்கழகத்தின் மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையமே இருக்கிறது.

இந்த வரிக்குக் கழிவுப் பக்கமும் உண்டு. 78.30 கிராம் செபாசிக் அமிலம் செய்யக் குறைந்தது 31 கிராம் சோடியம் ஹைட்ராக்சைடும் 38 கிராம் கந்தக அமிலமும் செலவாகும். கடைசியில் 55 கிராம் சோடியம் சல்பேட் கழிவுநீரில் கரைந்து போகும். பசுமைப் பொருள் என்று எழுதுகிறவர்கள் இந்த 55 கிராமைப் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். விடக் கூடாது என்பது என் கருத்து. உலக ஆமணக்கு விளைச்சலில் முக்கால் பங்குக்கு மேல் இந்தியாவுடையது, அதில் பெரும்பகுதி குஜராத்தில். எண்ணெயை நாம் ஏற்றுமதி செய்கிறோம். செபாசிக் அமிலம் அதிகமாகச் செய்யும் நாடு சீனா. கழிவும் அங்கே, லாபமும் அங்கே.

அடுத்தது நேரம். 2002-ஆம் ஆண்டு முறையில் 120 டிகிரியில் ஆர்கான் வாயுவுக்குள் 24 மணி நேரம். பிறகு 5 மணி நேரத்தில் அழுத்தத்தை 40 மில்லிடார் வரை இறக்க வேண்டும். அச்சில் ஊற்றி அதே வெப்பத்தில், அதே வெற்றிடத்தில் 48 மணி நேரம். மொத்தம் 77 மணி. வெளியேற வேண்டிய 13.95 கிராம் தண்ணீரை ஆவியாக்க உண்மையில் தேவைப்படும் வெப்பம் 31.5 கிலோஜூல், ஒரு யூனிட் மின்சாரத்தில் நூறில் ஒரு பங்குகூட இல்லை. அடுப்பும் வெற்றிடப் பம்பும் சராசரி 500 வாட் இழுத்தால் 77 மணி நேரத்துக்கு 38.5 யூனிட். யூனிட் 8 ரூபாய் என்றால் 308 ரூபாய். பாத்திரம் நிறைய வைத்தாலும் மின்கட்டணம் ஏறக்குறைய அதேதான். இந்தத் துறையில் செலவு எப்படி நடந்துகொள்கிறது என்பதை முதலில் காட்டும் எண் இது.

பணத்தைவிடப் பெரிய தடை அந்த 120 டிகிரி. அந்த வெப்பத்தில் உடலின் எந்த உயிரணுவும் பிழைக்காது, பல மருந்துகள் கெட்டுவிடும். இதயச் சுவரின் மேல் வைத்து அங்கேயே இறுகச் செய்வது நடக்காத காரியம். அதோடு வெப்பத்தில் 10 டிகிரி தவறினால் பொருளே மாறிவிடும். 2008-இல் வெளியான அளவீட்டில் 110 டிகிரியில் செய்த பி.ஜி.எஸ்.ஸின் கெழு 0.056 மெகாபாஸ்கல், 120-இல் 0.22, 130-இல் 1.2. இருபது டிகிரி இடைவெளியில் 21 மடங்கு வித்தியாசம்!

இதற்கு விடையாக வந்ததுதான் வினைபுரியும் தொகுதி. பி.ஜி.எஸ். சங்கிலியைப் பாதியில் நிறுத்தித் தேன் போன்ற முன்பாலிமராக வைத்துக்கொண்டு, அதில் மிஞ்சியுள்ள ஹைட்ராக்சில் தொகுதிகளில் அக்ரைலேட்டை மாட்டிவிடுவது. பிறகு ஒளிதூண்டி சிறிது கலந்து புறஊதா ஒளி காட்டினால் அறை வெப்பத்திலேயே நிமிடக் கணக்கில் இறுகிவிடும். 77 மணி நேரம் நிமிடங்களாகச் சுருங்கியது. 2007-இல் வெளியான இந்த முறையின் பேரேட்டை 100 கிராமுக்கு எழுதுகிறேன். இரண்டு கிளிசரால் அலகில் ஒன்றுக்கு அக்ரைலேட் வேண்டும், போடுவதில் மூன்றில் இரண்டு பங்குதான் ஒட்டும் என்பவை என் அனுமானங்கள்.

முன்பாலிமர்: 100 கிராம்
அக்ரைலாயில் குளோரைடு: 26.3 கிராம்
டிரைஎதிலமீன்: 29.4 கிராம்
டைகுளோரோமீத்தேன்: 1 லிட்டர், அதாவது 1,330 கிராம்
உள்ளே போனது: 1,486 கிராம்
வெளியே வரும் நல்ல பொருள்: 110.5 கிராம்
வடிகட்டி எறியும் உப்பு: 40 கிராம்

ஒரு கிராம் எடுக்க 13 கிராமுக்கு மேல் உள்ளே போகிறது, உப்பை நீக்கக் கழுவும் எதில் அசிடேட்டைச் சேர்க்காமலே. விலையையும் போட்டுப் பார்ப்போம். மொத்தச் சந்தை விலையாகச் செபாசிக் அமிலம் கிலோ 450 ரூபாய், கிளிசரால் 130, டைகுளோரோமீத்தேன் 60, டிரைஎதிலமீன் 200, அக்ரைலாயில் குளோரைடு 10,000 என்று கணக்குக்காக எடுத்துக்கொள்கிறேன். முறையே 35, 5, 80, 6, 263 ரூபாய். மொத்தம் 389. முடிந்த பொருளின் எடையில் அக்ரைலேட்டின் பங்கு 9.5 சதவீதம்தான். செலவிலோ அதைக் கொண்டுவரும் குளோரைடின் பங்கு 68 சதவீதம்.

அந்தச் சிறு பங்குதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. கிளிசரால் அலகு ஒன்றுக்கு அக்ரைலேட் ஏற்றம் 0.17-லிருந்து 0.54 ஆனபோது கெழு 0.05-லிருந்து 1.38 மெகாபாஸ்கலுக்குப் போனது என்று 2007 ஆய்வு காட்டியது. எடைக் கணக்கில் சொன்னால், 3.4 சதவீத அக்ரைலேட் உள்ள பொருளுக்கும் 10.2 சதவீதம் உள்ள பொருளுக்கும் நடுவே 27 மடங்கு விறைப்பு. வெப்பத்தால் முன்பு கிடைத்த அதே வீச்சு இப்போது தராசால் கிடைக்கிறது. அடுப்பின் முள் தவறுவதைவிடத் தராசின் முள் தவறுவது குறைவு. இந்த முறை வென்றதற்கு இதுவே போதிய காரணம்.

ஆனால் உண்மையில் எவ்வளவு ஏறியது என்பதை எடைபோட்டுச் சொல்ல முடியாது. அணுக்கருக் காந்த ஒத்ததிர்வுக் கருவியில் மாதிரியை வைத்தால், பி.பி.எம். அளவுகோலில் 5.8 முதல் 6.5 வரையிலான இடத்தில் அக்ரைலேட்டின் மூன்று ஹைட்ரஜன்களும் சிறு கூர்முனைகளாகத் தெரியும். செபாசிக் அமிலத்தின் ஹைட்ரஜன்கள் 1.2-லிருந்து 2.4-க்குள் உயரமாக நிற்கும். முதல் கூட்டத்தின் பரப்பை மூன்றால் வகுத்து, இரண்டாவதின் பரப்பைப் பதினாறால் வகுத்து, ஒன்றை மற்றதால் வகுத்தால் கிடைப்பதுதான் 0.5 என்ற எண். பல லட்சம் ரூபாய்க் கருவி சொல்லும் இந்த ஒற்றை வகுத்தலை நம்பித்தான் ஒரு தயாரிப்புத் தொகுதி முழுவதும் ஏற்கப்படுகிறது அல்லது குப்பைக்குப் போகிறது.

கரைப்பானுக்கு வருவோம். டைகுளோரோமீத்தேன் நச்சு. அமெரிக்காவில் 2024-இல் வந்த விதி அதன் பெரும்பாலான பயன்பாடுகளைத் தடை செய்தது. மருந்துப் பொருட்களில் அது 10 லட்சத்தில் 600 பங்குக்கு மேல் தங்கக் கூடாது என்பது பன்னாட்டு வரம்பு. அந்த வரம்பையே இங்கும் வைத்தால், 110.5 கிராமில் 66 மில்லிகிராம்தான் இருக்கலாம். உள்ளே போனது 1,330 கிராம். இருபதாயிரத்தில் ஒரு பங்காகக் குறைக்க வேண்டும், அதுவும் பசைபோல் கெட்டியான, சூடாக்கினால் தானே இறுகிவிடக்கூடிய ஒரு பொருளிலிருந்து. வெற்றிட அடுப்பை 45 டிகிரிக்கு மேல் ஏற்றத் தயங்கி நாள் கணக்கில் காத்திருப்பது இதனால்தான். அந்த நாட்களும் செலவுதான்.

இதுவரை பேசியதில் அக்ரைலேட் சங்கிலியின் நீளமெங்கும் இருந்தது. நுனியில் மட்டும் வினைத்தொகுதி உள்ள வகைதான் கணக்கில் இன்னும் கடுமை. கிளிசராலை மையமாக வைத்து, அதன் மூன்று ஹைட்ராக்சிலிலிருந்தும் கேப்ரோலாக்டோனையும் லாக்டைடையும் வளையம் திறக்கச் செய்து வளர்த்தால் மூன்று கை கொண்ட நட்சத்திர மூலக்கூறு கிடைக்கும். ஒவ்வொரு கையின் நுனியிலும் ஓர் அக்ரைலேட். மோல் எடை 8,000 என்று வைத்துக்கொண்டால், 100 கிராமுக்குக் கேப்ரோலாக்டோன் 43.7, லாக்டைடு 55.2, கிளிசரால் வெறும் 1.15 கிராம். நுனிகளில் ஏறும் அக்ரைலேட் மொத்த எடையில் 2 சதவீதம்.

அந்த 1.15 கிராம் என்பது 12.5 மில்லிமோல். எத்தனை மூலக்கூறு பிறக்க வேண்டும் என்று அதுதான் சொல்கிறது. இப்போது மூலப்பொருளில் 10 லட்சத்துக்கு 500 பங்கு ஈரம் இருந்துவிட்டது என்று வையுங்கள். 100 கிராமில் 50 மில்லிகிராம், அதாவது ஒரு சொட்டுத் தண்ணீர். அது 2.78 மில்லிமோல். தண்ணீரும் கிளிசராலைப் போலவே வளையத்தைத் திறக்கும், ஆனால் அதிலிருந்து வளர்வது ஒற்றைச் சங்கிலி. ஒரு நுனியில்தான் ஹைட்ராக்சில் இருக்கும், மறுநுனியில் அமிலம். பிறந்த 15.28 மில்லிமோல் சங்கிலிகளில் 2.78 இப்படிப்பட்டவை. அதாவது 18 சதவீதம்! ஈரத்தைப் பத்தில் ஒன்றாக, 50 பங்குக்கு இறக்கினால் இது 2.2 சதவீதமாகும். லாக்டைடைத் திரும்பத் திரும்பப் படிகமாக்குவதும், கண்ணாடிக் கலத்தைச் சுட்டு உலர்த்துவதும், கார்ல் ஃபிஷர் கருவியில் ஈரம் அளப்பதும் இந்த 18-ஐ 2 ஆக்கத்தான். இந்தத் துறையில் ஒரு ரூபாயை எங்கே செலவிடுவது என்று என்னைக் கேட்டால், அந்த ஈரமானிக்கு என்பேன்.

அடுத்த இழப்பு நுனி மூடலில். நூறு நுனியில் 90-க்கு அக்ரைலேட் ஏறிவிட்டது என்றால் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. மூன்று கையும் நிறைந்த மூலக்கூறு எத்தனை? 0.9-ஐ மூன்று முறை பெருக்கினால் 0.729. எனவே 72.9 சதவீதம்தான் மூன்று பக்கமும் பிணையும். 24.3 சதவீதம் இரண்டு நுனி மட்டும் உள்ளவை, வலையை நீட்டுமே தவிர முடிச்சாகாது. 2.7 சதவீதம் ஒற்றை நுனி, ஒரு பக்கம் ஒட்டி மறுபக்கம் தொங்கும். 0.1 சதவீதத்துக்கு நுனியே இல்லை. 100 கிராமில் 100 மில்லிகிராம், எதிலும் பிணையாமல் உடலுக்குள் கசிந்து வெளியேறும். நுனி மூடலை 99 சதவீதத்துக்கு ஏற்றினால் நிறைவான மூலக்கூறு 97 சதவீதம், கசிவது 10 லட்சத்தில் ஒன்று. ஒன்பது சதவீதப் புள்ளிக்கு இவ்வளவு வித்தியாசம் இருப்பதால்தான் அந்தக் கடைசிச் சில சதவீதத்துக்கு வேதியியலாளர் இரண்டு நாள் கூடுதலாகச் செலவிடுகிறார்.

கசிவு ஏன் முக்கியம் என்பது சோதனைச் சாலையில் தெரியும். ஐ.எஸ்.ஓ. 10993 தரநிலைகளின்படி, அரை மில்லிமீட்டரைவிட மெல்லிய பொருளை ஒரு மில்லிலிட்டர் திரவத்துக்கு 6 சதுர சென்டிமீட்டர் வீதம் ஊறவைத்து, அந்தச் சாற்றை உயிரணுக்களின் மேல் ஊற்றுகிறார்கள். உயிரோடு இருப்பவை 70 சதவீதத்துக்குக் கீழே போனால் நச்சுத்தன்மை உண்டு என்று எழுதப்படும். வினைபுரியாத அக்ரைலேட்டும், பிணையாத சங்கிலியும், தங்கிய கரைப்பானும் சேர்ந்து சிக்கும் இடம் இதுதான்.

உடலின் பேரேட்டையும் பார்த்துவிடுவோம். ஒரு சதுர சென்டிமீட்டர், 0.2 மில்லிமீட்டர் கனமுள்ள அக்ரைலேட் ஏற்றிய பி.ஜி.எஸ். ஒட்டின் எடை ஏறக்குறைய 23 மில்லிகிராம். அது முழுதும் நீராற்பகுபட்டால் 3.6 மில்லிகிராம் தண்ணீரை உள்வாங்கி, 7.4 மில்லிகிராம் கிளிசராலும் 16.3 மில்லிகிராம் செபாசிக் அமிலமும் தரும். கிளிசரால் உடலுக்குப் பழக்கமானது. செபாசிக் அமிலம் கொழுப்பமிலச் சிதைவில் இயல்பாகவே தோன்றும் பொருள். மீதி 2.9 மில்லிகிராம் பாலிஅக்ரைலிக் அமிலம். அதன் முதுகெலும்பு கார்பன்-கார்பன் பிணைப்பு, எஸ்டரைப் போல உடலில் அறுபடாது. சங்கிலி குட்டையாக இருந்தால் சிறுநீரகம் வெளியேற்றிவிடும், நீளமாக இருந்தால் தங்கும். வேகமாக இறுகுவதற்காக நாம் கொடுக்கும் உண்மையான விலை இந்த 2.9. இதைக் குறைக்கும் புதிய நுனிகளைத் தேடுவது நியாயமான ஆராய்ச்சி.

400 கிராம் விதையிலிருந்து வந்த 110.5 கிராமில் இப்படி 4,800 ஒட்டுகள் வரும். ஒரு கொட்டமுத்து விதைக்கு மூன்று, நான்கு ஒட்டுகள். ஒரு மில்லிலிட்டர் ஊசிக்குழலில் அடைத்தால் 96 குழல். எல்லா மூலப்பொருளையும் ஆய்வகத் தரத்தில், பத்து மடங்கு விலையில் வாங்கினாலும் குழலுக்கு 41 ரூபாய்தான் ஆகிறது.

மருத்துவமனையை எட்டுவதற்கோ ஆண்டுகள் ஆகின்றன. 2002-இல் பி.ஜி.எஸ்., 2007-இல் அதன் அக்ரைலேட் வடிவம். 2014 ஜனவரியில் பாஸ்டனின் ஜெஃப்ரி கார்ப், குழந்தைகள் இதய அறுவை மருத்துவர் பெட்ரோ டெல் நிடோ குழுவினர், இரத்தம் ஓடும் இடத்திலேயே ஒளியால் இறுகும் பசையாக அதைப் பன்றிகளின் இதயத்திலும் தமனியிலும் ஒட்டிக் காட்டினார்கள். 2013-இல் பாரிஸில் தொடங்கிய கெக்கோ பயோமெடிக்கல் நிறுவனம் 2017-இல் இரத்தக் குழாய் அடைப்பானுக்கு ஐரோப்பிய அனுமதி பெற்றது. டிஷியம் என்று பெயர் மாறிய அதே நிறுவனத்தின் நரம்பு இணைப்புச் சாதனத்துக்கு 2025-இல் அமெரிக்க அனுமதி. முதல் கட்டுரையிலிருந்து 23 ஆண்டுகள்.

நம்மால் முடியாத வேலையும் அல்ல. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்ரா நிறுவனம் உருவாக்கி, டி.டி.கே. தயாரித்த இதய வால்வு 1990 டிசம்பரில் முதல் நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. அதில் திறந்து மூடும் தட்டு பாலிஎதிலீன். இன்று வரை ஒரு லட்சத்துக்கு மேற்பட்டவை பொருத்தப்பட்டுள்ளன. அந்த வால்வைக் கொண்டுவந்த பொறுமை இந்தப் பசைக்கும் கிடைக்க வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

அதற்கான கடைசிக் கணக்கு இது, எண்கள் என் அனுமானம். ஒரு கிலோ தொகுதியில் 870 குழல். அதில் பாதி, 435, சோதனைக்கும் இருப்பு மாதிரிக்கும் போகிறது. ஒருமுறைச் சோதனைச் செலவு 40 லட்சம், ஒவ்வொரு தொகுதிக்கும் தூய அறை, பரிசோதனை, ஆவணச் செலவு 10 லட்சம். ஒரே தொகுதி செய்தால் குழலுக்கு 11,494 ரூபாய். பத்து தொகுதி செய்தால் 3,218. நூறு செய்தாலும் 2,391-க்குக் கீழே இறங்காது, ஏனென்றால் தொகுதிச் செலவு மட்டுமே குழலுக்கு 2,299 ரூபாய். சோதனை மாதிரியின் எண்ணிக்கையை அப்படியே வைத்துத் தொகுதியை 10 கிலோவாக்கினால் 8,265 குழல் விற்பனைக்கு வரும், தொகுதிச் செலவு குழலுக்கு 121 ரூபாயாகிவிடும்.

ஆனால் 10 கிலோவுக்கு 120 கிலோ கரைப்பானைக் கையாள வேண்டும், ஓரிடத்திலும் ஈரம் நுழையாமல். இன்னொரு கட்டுப்பாடும் உண்டு: வினைபுரியும் அக்ரைலேட் தொகுதி அலமாரியிலும் மெல்ல வினைபுரிந்துகொண்டேதான் இருக்கும். குளிரில், இருளில் வைத்தாலும் ஓராண்டுதான் ஆயுள் என்று கொண்டால், அந்த 8,265 குழலும் ஓராண்டுக்குள் பயன்பட்டாக வேண்டும். அறுந்த விரல் நரம்பு, கசியும் தமனி, குழந்தையின் இதயத் துளை என்று அத்தனை அறுவைகள் எந்த மருத்துவமனைகளில் நடக்கின்றன என்பதை அரசு மருத்துவக் கல்லூரிகளின் அறுவை அரங்குப் பதிவேடுகளிலிருந்து முதலில் எண்ணி எடுக்க வேண்டும். தொகுதி ஒரு கிலோவா பத்துக் கிலோவா என்பதை அதற்குப் பிறகுதான் தீர்மானிக்க முடியும்.